பன்னிரண்டாவது படத்துக்கு இரண்டு நாற்காலிகள்

வரும் ஞாயிற்றுக்கிழமை, திருவண்ணாமலை செங்கம் சாலையில் ஒரு விடுதியின் மாடிக் கூடத்தில் பன்னிரண்டு புகைப்படங்கள் விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் பதினொரு படங்களில் இருப்பவர்கள் நேரில் வந்து உட்காருவதாகச் சொல்லிவிட்டார்கள். நேற்று மாலை ஆறு மணிக்குத் தொலைபேசியில் இதை உறுதி செய்தவர் விஜயா. படங்களை எடுத்த பச்சையப்பனின் மனைவி. பன்னிரண்டாவது படத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஊர்க்காரரான குப்பம்மாள். இன்னொருவர் நான். அந்தப் படம் சுவரில் ஏறுமா என்பது இதை எழுதும் வரை முடிவாகவில்லை.

பச்சையப்பன் இறந்து இன்றோடு இருபத்து மூன்று நாள். அன்று காலை முதலில் என்னை அழைத்தவர் அந்த விடுதியின் உரிமையாளர். "சார், நம்ம பச்சை போயிட்டாராம். வேலூர்லயே முடிஞ்சிடுச்சாம்" என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். ஸ்டுடியோ பக்கத்து டீக்கடையில் பேசிக்கொண்டார்களாம். டீக்கடையை ஆதாரமாக வைத்து நான் எதையும் எழுதியதில்லை, நம்பியதுமில்லை. விஜயாவை அழைத்தேன். "ஆமாங்கண்ணா. ஏழே காலுக்கு. டாக்டர் வெளிய வந்து சொன்னாரு" என்றார். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தேன். இதயம். வயது அறுபத்தொன்று. என்னைவிட நான்கு வயது இளையவர்.

அப்போது எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்க விரும்பவில்லை. நான் செத்தால் இந்த ஊரில் ஒருவரை ஒருவர் இப்படி அழைத்துச் சொல்வார்களா என்றுதான் தோன்றியது. துக்கம் அதற்கு அரை மணி நேரம் கழித்து வந்தது. பச்சையப்பனைப் பார்த்து நான் பொறாமைப்பட்ட காலம் மிக நீண்டது. அவரை அறிந்த உங்களில் சிலருக்கு அது தெரிந்திருக்கும். அவருக்குத் தெரியும்.

நாளிதழின் மாவட்டப் பக்கத்துக்கு நான் செய்தி எழுதினேன், அவர் படம் எடுத்தார். பதினெட்டு வருடம் அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் உட்கார்ந்து இந்த மாவட்டத்தைச் சுற்றியிருக்கிறேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஊர் எல்லையில் வண்டி நின்றதும் அவர் யாரோ ஒருவரின் கட்டிலில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருப்பார்; நான் நின்றுகொண்டு பெயர், வயது, தந்தை பெயர் கேட்டுக்கொண்டிருப்பேன். மறுநாள் பக்கத்தில் அவருடைய படம் மூன்று பத்திக்கு விரிந்து கிடக்கும். என் செய்தி அதன் காலடியில் இருக்கும்.

"என்னாண்ணா, இன்னிக்கு உன்னுது எவ்ளோ வந்துது?" என்று காலையில் முதல் வேலையாகக் கேட்பார்.

"எட்டு வரி."

"பரவால்லியே, ஜாஸ்திதான். போன வாரம் அஞ்சு வரிதான வந்துது?" என்று சிரிப்பார். அவர் சிரிப்பில் விஷம் கிடையாது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. விஷம் இருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

பத்திரிகை மாவட்டப் படக்காரர்களை வேண்டாம் என்று நிறுத்தியபோது அவர் செங்கம் சாலையில் ஒரு சிறிய ஸ்டுடியோ போட்டார். பாஸ்போர்ட் படம், ஆதார் படம், காதுகுத்துக் கல்யாணம். ஆசிரமப் பக்கத்து அறைகளில் மாதக்கணக்கில் தங்குகிற வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டுக்காரர்களும் விசா படத்துக்காக வருவார்கள். சுவரில் அவர் மாட்டி வைத்திருந்த பழைய படங்களை விலைக்குக் கேட்டார்கள். அப்படித் தொடங்கியதுதான் எட்டு வருடமாக, வருடத்துக்கு இரண்டு முறை நடந்துவந்த விற்பனை. விற்ற பணத்தில் பிரேம் செலவு போக மீதி எல்லாம் ஏதாவது ஒரு ஊர்க் காரியத்துக்குப் போகும். தனக்கென்று அவர் எடுத்துக்கொண்டதில்லை. இதை நானே தனியாக விசாரித்திருக்கிறேன். ஏதாவது தப்பு கிடைக்காதா என்ற ஆசையில்தான் விசாரித்தேன். கிடைக்கவில்லை.

நல்ல காரியத்துக்குப் படம் விற்பவர்கள் பலர் இருக்கிறார்கள். பச்சையப்பன் வைத்திருந்த ஒழுங்கு வேறு யாரிடமும் நான் பார்க்காதது. படத்தில் இருப்பவர் விற்பனை அன்று நேரில் வந்து, படத்தின் அடியில் ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும். வாங்க வருகிறவர் அவரிடம்தான் பேச வேண்டும். பணம் எந்தக் காரியத்துக்கு என்பதை அவரே வாயால் சொல்ல வேண்டும். தன் வீட்டுக்கென்று கேட்கக் கூடாது. தெருவுக்கோ, ஊருக்கோ கேட்கலாம். இரண்டு பேர் இருக்கிற படம் என்றால் இரண்டு நாற்காலி. ஒருவர் வரவில்லை என்றாலும் படம் சுவரில் ஏறாது.

"படம் எடுக்கறது பாதி திருட்டுண்ணா. கேட்டு எடுத்தாலும் திருட்டுதான்" என்பார். "அவங்கள பக்கத்துல உக்கார வெச்சி, அவங்க வாயால கேக்க வெச்சாதான் மனசு ஆறுது."

இந்த ஒழுங்கினால் அவர் இழந்தது கொஞ்சமல்ல. இந்த ஊரில் எல்லோரும் கேட்பது ஒரே ஒரு படத்தைத்தான். பிரான்ஸ் நாட்டு அம்மா ஒருவர், எட்டு வருடமாக இங்கே வந்து போகிறவர், நல்ல தமிழில் கேட்டார். "பச்சை, உங்கள் கம்ப்யூட்டரில் மலை நூறு இருக்கிறது. எனக்கு ஒன்று கொடுங்கள். நான் பெரிய பணம் தருவேன்."

"மலை வந்து இந்த நாற்காலில உக்காருமாம்மா?" என்று கேட்டார் பச்சையப்பன். "உக்காந்து, பணம் எதுக்குன்னு சொல்லுமா? சொல்லிச்சுன்னா சொல்லுங்க, நாளைக்கே பிரேம் போட்டுடறேன்."

அந்த அம்மா கைகூப்பிவிட்டுப் போனார். திருவண்ணாமலையில் மலையை விற்காத ஒரே படக்காரர் என்று அவருக்குப் பெயர் வந்தது. எனக்கு அது வேஷமாகப் பட்டது. அப்படி ஒரு வேஷம் எனக்கு ஏன் தோன்றவில்லை என்றும் பட்டது.

இரண்டாவது விற்பனையில் நடந்ததை இன்றும் நினைத்துச் சிரிக்கிறேன். பெரிய தெருப் பக்கம் கீரை விற்கும் சின்னப்பொண்ணு அக்காவை அங்கே வாங்கிய எல்லோருக்கும் தெரியும். கட்டுகளுக்கு அவர் தண்ணீர் தெளிக்கிற கையை மட்டும் பச்சையப்பன் எடுத்திருந்தார். துளிகள் கையிலிருந்து பிரிந்து இன்னும் கீழே விழாத நேரம். பெங்களூரிலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும் விலை கேட்டார்கள். விஜயா சொன்னார். அவர்கள் மறுபேச்சு இல்லாமல் பணத்தை எடுத்தார்கள்.

நாற்காலியில் இருந்த சின்னப்பொண்ணு அக்கா எழுந்துவிட்டார். "இன்னாம்மா நீங்க, சொன்ன வெலைக்கே எடுக்கறீங்க? கொறச்சிக் கேளுங்க!" என்றார். பிறகு பச்சையப்பன் பக்கம் திரும்பினார். "யோவ், எம்மாந் தூரத்துலேர்ந்து வெயில்ல வந்திருக்காங்க. பாத்துப் போட்டுக் குடுய்யா."

"அக்கா, பணம் நீ கேட்ட ஸ்கூலுக்குதான் போவுது!"

"போவட்டும். அதுக்குன்னு மொத வெலைக்கே விப்பியா? நாளைக்கு எவன் என் கடைக்கு வருவான்?"

கால்வாசி விலையைக் குறைத்த பிறகுதான் உட்கார்ந்தார். போகும்போது அந்தப் பெண்ணின் கைப்பையில் இரண்டு கட்டு முளைக்கீரையைக் கொசுறாகத் திணித்தார். தன் பொருளுக்குத் தானே பேரம் பேசிக் குறைத்த ஒரு வியாபாரியை அன்றுதான் பார்த்தேன். கூடம் முழுவதும் சிரித்தது. நான் கடைசி வரிசையில் குறிப்பேட்டுடன் உட்கார்ந்திருந்தேன். விலைவாசிச் செய்திக்காக அதே அக்காவிடம் இருபது வருடமாகக் கேட்டிருக்கிறேன். "என் பேரப் போடாதீங்க சார், நான் ஒண்ணும் சொல்லல" என்பதைத் தவிர ஒரு வாக்கியம் அவர் எனக்குத் தந்ததில்லை.

சின்னப்பொண்ணு அக்கா கேட்டது அவர் பிறந்த ஊரின் தொடக்கப் பள்ளிக்குச் சுற்றுச்சுவர். அந்தச் சுவரைப் பற்றி நான் அதற்கு முன்பே நான்கு முறை செய்தி எழுதியிருந்தேன். மாடு வகுப்பறைக்குள் வந்தது, பாம்பு வந்தது, குடித்தவர்கள் வந்தார்கள் என்று ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்று. நான்கும் அச்சில் வந்தன. சுவர் வரவில்லை. கீரைக்காரக் கை ஒன்றும் வேறு இரண்டு படங்களும் விற்றதில் ஆறு மாதத்தில் சுவர் எழும்பியது.

ஐந்தாவது செய்தியையும் நான்தான் எழுதினேன். சுவர் திறப்பு விழாச் செய்தி. 'நன்கொடையாளர்களின் உதவியுடன் கட்டப்பட்டது' என்று எழுதி நிறுத்திக்கொண்டேன். பச்சையப்பன் பெயர் அதில் இல்லை. மறந்துவிடவில்லை, ஒரு முறை எழுதி, அடித்தேன். மறுநாள் ஸ்டுடியோவுக்குப் போனேன். மேசை மேல் பேப்பர் விரித்திருந்தது. என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"கரெக்டாதான் எழுதியிருக்கண்ணா" என்றார். "பணம் குடுத்தவங்க அவங்கதான?"

அவர் கேலி செய்தாரா என்று அன்று முழுவதும் யோசித்தேன். செய்யவில்லை. அந்தத் தகவலில் பிழை இல்லை என்பதுதான் அவருக்குப் பட்டது. என்னைவிட அவர் நல்ல நிருபராகிவிட்டாரோ என்ற எரிச்சலோடு அன்று வீட்டுக்குப் போனேன்.

இனி பன்னிரண்டாவது படம்.

பதினைந்து மாதத்துக்கு முன்பு ஒரு திங்கட்கிழமை, வேங்கிக்கால் கலெக்டர் அலுவலகத்தில் மனு நாள். மாவட்டம் முழுவதிலிருந்தும் வந்தவர்கள் வரிசை எண் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பணி ஓய்வுக்குப் பிறகும் பத்திரிகைக்கு அவ்வப்போது செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன்; திங்கட்கிழமைகளை விட்டதில்லை. பச்சையப்பனும் வருவார். "முகமெல்லாம் அங்கதாண்ணா இருக்குது" என்பார். வெயில் கடுமை. முந்தின இரவு எனக்குச் சரியான தூக்கமில்லை. பன்னிரண்டு மணி வாக்கில் பிளாஸ்டிக் நாற்காலியில் தூங்கிவிட்டேன்.

படத்தில் என் வாய் திறந்திருக்கிறது. கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்கியிருக்கிறது. மடியில் குறிப்பேடு; அதில் 'மனுக்கள்' என்ற ஒரு சொல்லுக்குக் கீழே ஒன்றுமில்லை. பக்கத்து நாற்காலியில் குப்பம்மாள். அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் எண்ணைக் கூப்பிடுவார்களா என்று எதிரே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆனால் அவருடைய இடது கை, தான் கொண்டுவந்த மனுவையே விசிறியாக மடித்து எனக்கு வீசிக்கொண்டிருக்கிறது. யார் என்று தெரியாத ஒருவருக்கு.

பிறகு ஏன் வீசினீர்கள் என்று குப்பம்மாளை ஒருவர் கேட்டபோது, "பக்கத்துல ஒருத்தரு வேர்த்து ஊத்தினா கை சும்மா இருக்குமா?" என்றாராம்.

ஸ்டுடியோவில் அந்தப் படத்தைத் திரையில் பார்த்ததும் "அழிச்சிடு" என்றேன்.

"சுவத்துல ஏத்த மாட்டேண்ணா, நீ சொல்ற வரைக்கும். உன் மூஞ்சி. ஆனா அழிக்கறதுக்கு உனக்கு உரிமை இல்ல. அதுல அந்தம்மா கை இருக்குது."

"என்னை வெட்டிட்டு அந்தம்மாவ மட்டும் வெச்சிக்கோ."

"வெட்டிப் பாத்தேன். நீ இல்லன்னா அந்தம்மா ஆபீசு வாசல்ல உக்காந்து காத்துக்கு விசிறிக்கிட்டு இருக்காங்க. பாக்கறவன் பைத்தியம்னு நெனப்பான்." மறுபடி திரையைப் பார்த்தார். "நீ தூங்கினாதாண்ணா அது படம்."

அவர் எடுத்ததிலேயே சிறந்த படம் அது. எனக்கு அந்த நிமிடமே தெரிந்தது. முப்பத்தொரு வருடத்தில் நான் வேலை செய்வதை யாரும் படம் எடுத்ததில்லை. பதினெட்டு வருடம் முன்னிருக்கையில் இருந்தவரும் எடுத்ததில்லை. இந்த மாவட்டத்தின் மிகக் கூர்மையான கண் கடைசியில் என்னை ஒரு முறை பார்த்தது, அப்போது நான் தூங்கிக்கொண்டிருந்தேன். மனு நாட்களைப் பற்றி நான் நூற்றுக்கணக்கான செய்திகள் எழுதியிருக்கிறேன். அவை எல்லாவற்றிலும் இல்லாத ஒன்று அந்த ஒரு படத்தில் இருந்தது. அதன் அடியில் போய் நான் உட்கார வேண்டும், நிருபர்கள் எல்லாம் வருவார்கள், பார்த்துவிட்டு என்னையும் பார்ப்பார்கள். மாட்டேன் என்றேன்.

என் மறுப்பினால் நின்றுபோன காரியம் என்ன என்பதையும் சொல்ல வேண்டும். குப்பம்மாளின் ஊரில் அப்போது மூன்று பேர் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்ளத் திருவண்ணாமலை வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் குப்பம்மாளின் தம்பி. காலை ஐந்தரைக்கு ஊருக்குள் வந்துகொண்டிருந்த தனியார் பஸ் நின்றுவிட்டதால், மெயின் ரோடு வரை நடந்து, இரண்டு பஸ் மாறி வர வேண்டியிருந்தது. திரும்பும்போதும் அப்படியே, அப்போது அவர்களால் நிற்கவே முடியாது. மறுபடி பஸ் விடச் சொல்லித்தான் அன்றைய மனு. படம் விற்றால் மூவருக்கும் ஒரு வேன் அமர்த்த வேண்டும் என்பது குப்பம்மாள் பச்சையப்பனிடம் சொன்ன காரியம்.

குப்பம்மாள் என் வீட்டைத் தேடிக்கொண்டு ஒரு முறை வந்தார். வாசலிலேயே நின்றார்.

"பேப்பர்காரரே, நாற்காலில ஒரு நாள் உக்கார்றதுக்கு உங்களுக்கு இன்னா கஷ்டம்?"

"எனக்கு அதெல்லாம் சரிப்படாதும்மா. நான் செய்தி போடறேன். பஸ் விடுவாங்க."

"செய்தி போடுங்க, வேணான்னு சொல்லல. உக்காரவும் செய்யுங்களேன்."

செய்தி மட்டும் போட்டேன். 'பஸ் வசதி செய்து தர கிராம மக்கள் கோரிக்கை' என்று ஏழு வரி வந்தது. இரண்டு வாரம் கழித்து போன் செய்தார். "போட்டிருக்கீங்கன்னு படிச்சிக் காட்டினாங்க. ரொம்ப சந்தோசம். பஸ்ஸு வரல."

அந்த மூவரில் ஒருவர், தையல்காரர், நான்கு மாதத்துக்கு முன்பு இறந்துபோனார். வேன் இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று எந்த மருத்துவரும் என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்ட மருத்துவர் நோய் முற்றிவிட்டது என்றுதான் சொன்னார். வேன் இருந்திருந்தால் கடைசி மாதங்களில் அவர் அவ்வளவு தூரம் நடந்திருக்க மாட்டார். அதற்கு மருத்துவரைக் கேட்க வேண்டியதில்லை.

பச்சையப்பன் என்னை ஒரு முறைகூட வற்புறுத்தவில்லை. தையல்காரர் இறந்த செய்தியைச் சொன்னபோதும், சொல்லிவிட்டு லென்ஸைத் துடைக்கப் போனார். "நீ உக்காருண்ணா" என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கோபத்திலாவது சம்மதித்திருப்பேன் என்று பல நாள் நினைத்ததுண்டு. அவரிடம் கேட்டேன், ஏன் கேட்கவில்லை என்று. "கேட்டு வந்து உக்காந்தா நீ எனக்காக உக்காந்த மாதிரி ஆயிடும். அந்தம்மா பக்கத்துல உக்காரணும்ணா நீ" என்றார். நான் அவரோடு உட்கார்ந்து பேசியது அதுதான் கடைசி. அதற்குப் பத்து நாள் கழித்து வேலூருக்குக் கொண்டுபோனார்கள்.

வேங்கிக்கால் பக்கத்துப் புதிய நகரில்தான் அவர் வீடு. இறுதிச் சடங்கு அன்று தெரு முனை வரை ஆட்கள் நின்றார்கள். நிருபர் பழக்கத்தில் எண்ணத் தொடங்கினேன். பிறகு எண்ணுவதை விட்டு யார் யார் என்று பார்த்தேன். அவருடைய சுவரில் ஏறிய முகங்கள்தான் பெரும்பாலும். பஞ்சர் கடைக்காரர், பள்ளித் தலைமை ஆசிரியை, சவரக் கடைக்காரர் இருவர், பஸ் கண்டக்டர், செருப்புத் தைப்பவர். சின்னப்பொண்ணு அக்கா கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார். அவர் கடை அடைத்து நான் பார்த்ததில்லை. ஒருவரை ஒருவர் தெரியாத அவர்கள், "நீங்க எந்தப் படம்?" என்று கேட்டுக்கொண்டார்கள். "நான் சைக்கிள் படம்." "நான் மழைல நிக்கற படம்." அந்தப் பேச்சில் நான் சேர முடியவில்லை. என்னைக் கேட்டிருந்தால் என்ன சொல்வது? என் செய்திகளில் வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அவர்களில் யாரும் என் வாசலில் நின்று "நீங்க எந்தச் செய்தி?" என்று கேட்டுக்கொள்ளப்போவதில்லை. அன்று அவர் உடலின் முன்னால் நின்றபடி பொறாமைப்பட்டேன். குப்பம்மாளும் வந்திருந்தார். என்னைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு விஜயா அழைத்தார். பச்சையப்பன் வேலூருக்குப் போவதற்கு முன்பே அடுத்த விற்பனைக்கான படங்களுக்கு பிரேம் போட்டு வைத்திருந்ததாகவும், கடைசியாக ஒன்றை நடத்தி முடிக்க விரும்புவதாகவும் சொன்னார். பிறகு தயங்கினார்.

"பன்னெண்டு இருக்குதுண்ணா. ஒண்ணு உங்களுது. அதுக்கும் பிரேம் போட்டுதான் வெச்சிருக்காரு. கேக்கலாமா வேணாமான்னு எனக்குத் தெரியல."

"அவர் கேட்டாரா?"

"இல்ல. பிரேம் போட்டு, சுவத்துப் பக்கமா திருப்பி வெச்சிருந்தாரு."

ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். நேற்று மாலை விஜயா பட்டியலைச் சொன்னபோது, என் நாற்காலிக்குச் சம்மதம் என்றேன். அவர் அழுதார் என்று நினைக்கிறேன். போனில் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தப் படத்தை ஸ்டுடியோத் திரையில் முன்பே பார்த்திருந்த புதுச்சேரிக் குடும்பம் ஒன்று அதை வாங்க ஞாயிறு அன்று வருவதாகவும் அவர் சொன்னார்.

இன்று காலை குப்பம்மாளின் ஊருக்குப் போனேன். இரண்டு பஸ் மாறி, மெயின் ரோட்டிலிருந்து நடந்தேன். முப்பத்தைந்து நிமிடம். வேர்க்கடலை பிடுங்கிப் போட்டிருந்த களத்தில் குப்பம்மாள் காய் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"இப்ப இன்னாத்துக்கு வந்தீங்க?"

"ஞாயித்துக்கெழம நான் வந்து உக்கார்றேன்மா."

"இம்மாம் நாள் உங்களுக்கு சரிப்படல. இப்ப சரிப்பட்டுச்சா?"

அவர் கை நிற்காமல் காயைப் பிரித்துக்கொண்டிருந்தது.

"வண்டி மூணு பேருக்குக் கேட்டேன். இப்ப ரெண்டு பேரு. அந்தப் புள்ள எனக்கு ரவிக்க தச்சிக் குடுத்திருக்குது. அத்தப் போட்டுக்கிட்டு உங்க பக்கத்துல உக்காந்து நான் சிரிக்கணுமா?"

"சிரிக்க வேணாம்."

"போட்டா புடிச்ச மனுசன் இருந்தா வருவேன். அவரு மூஞ்சிக்காக. உங்களுக்காக நான் எதுக்கு வரணும்?"

"எனக்காக வேணாம்மா. உங்க தம்பிக்காக."

"அவன வெச்சி என்னக் கூப்புடாதீங்க." காயை முறத்தில் போட்டார். அடுத்த கொடியை எடுத்துக்கொண்டே, "நீங்க எப்பிடி வந்தீங்க இங்க?" என்று கேட்டார்.

"மெயின் ரோட்லேர்ந்து நடந்துதான்."

"எம்மா நேரம் ஆச்சி?"

"முப்பத்தஞ்சு நிமிசம்."

"அவனுக்கு ஒரு மணி நேரம் ஆவும்" என்றார்.

குறிப்பேட்டை எடுத்தேன். முப்பத்தொரு வருடத்தில் நான் யாரிடமும் கேட்டிராததை அவரிடம் கேட்டேன்: எதற்கு, எப்படி வேண்டும் என்று. வேன் எத்தனை மணிக்கு வர வேண்டும், எந்த வாசலில் நிற்க வேண்டும், திரும்பும்போது படுக்க இடம் வேண்டுமா. அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார், நான் எழுதினேன். ஒரு பக்கமும் மறுபக்கத்தில் பாதியும் நிறைந்தன. பச்சையப்பனிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது இந்தக் கேள்வியைத்தான். அவர் அதைச் சிரித்துக்கொண்டே கேட்பார், நான் தட்டுத்தடுமாறிக் கேட்டேன். இதிலும் அவர்தான் கெட்டிக்காரர். பொறாமை என்னை விட்டுப் போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை. அது இல்லாமல் அவரை நினைக்க எனக்குத் தெரியாது.

கிளம்பும்போது, "ஞாயித்துக்கெழம வருவீங்களாம்மா?" என்று மறுபடி கேட்டேன்.

"பாக்கலாம்" என்றார் குப்பம்மாள். வருவேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அதற்கு மேல் எதையும் நான் அதில் சேர்க்க முடியாது.

விற்பனை ஞாயிறு காலை பத்து மணிக்குத் தொடங்குகிறது. பச்சையப்பனை அறிந்தவர்கள் எல்லோரும் வர வேண்டும் என்று விஜயா கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் ஒன்பது மணிக்கே என் நாற்காலியில் இருப்பேன். படம் சுவர் பக்கம் திரும்பி இருக்கும். கீழ்பென்னாத்தூரிலிருந்து வரும் பஸ் ஒன்பது நாற்பதுக்கு வருகிறது.